மாரண்டஹள்ளியில் விழுந்த நன்றி மொய்

மாரண்டஹள்ளி
3 ஆகஸ்ட் 2025

அல்மாஸ்,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். உன் மெசேஜ்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பதில் எழுதலாம் என்று பல தடவை உட்கார்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுந்து போயிருக்கிறேன். அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, நேற்று நம்முடைய மென்பொருள் எனக்கு அனுப்பிய மெயிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

“வணக்கம் மேனகா! உங்கள் மதிப்பு 214 புள்ளிகள். நீங்கள் ஒரு வளரும் பங்களிப்பாளர்! சின்ன வேலையிலிருந்து தொடங்கலாமே? முதலில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திப் பாருங்கள்!” கீழே ஒரு பூங்கொத்து.

வளர்கிறேனாம். ‘பஸ் வந்தாச்சா’வை நீயும் நானும் கல்லூரி லேபில் உட்கார்ந்து எழுதினோமே, அதில் பஸ் எவ்வளவு தாமதமாக வரும் என்று கணிக்கிற பகுதி முழுக்க யார் எழுதியது? இன்றைக்குத் தருமபுரி மாவட்டத்தில் ஒருத்தர் போனைத் திறந்து பாலக்கோடு பஸ் எங்கே என்று பார்த்தால், அது என் கணக்கு. காசு வாங்காமல் எல்லாருக்கும் திறந்து வைத்தோம். யார் வேண்டுமானாலும் புது பஸ்ஸைச் சேர்க்கலாம், நேரத்தைத் திருத்தலாம், நிரலையே மாற்றலாம். நீயோ நானோ பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது வெளியே போகும். அப்படித்தானே வைத்திருந்தோம்?

இப்போது மெயிலின் கடைசியில் பொடி எழுத்தில், அக்டோபர் முதல் தேதி முந்நூறு புள்ளிக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஒப்புதல் உரிமை போய்விடும் என்று இருக்கிறது. வேலை செய்யாத ஒவ்வொரு மாதமும் புள்ளி தேயும் என்றும் இருக்கிறது.

அல்மாஸ், நான் சும்மா இல்லை. ஒரு பிள்ளை பெற்றேன். விடிந்ததிலிருந்து நான் செய்கிற எதையும் யாரும் என்னைக் கேட்டுச் செய்யச் சொல்வதில்லை. பாப்பா எழுப்பினால் எழுகிறேன், அழுதால் ஓடுகிறேன். இந்த உலகத்தில் நான் பார்த்து “சரி” என்று சொன்னால்தான் நடக்கும் என்று ஓர் இடம் உண்டென்றால், அது அந்த ஒப்புதல் பொத்தான் ஒன்றுதான். அதை எடுத்துவிடாதே.

பாப்பா இப்போது இருமினாள். ஒரு தடவைதான். இருந்தாலும் போய்ப் பார்க்கிறேன்.

மேனகா

*

பெங்களூரு
3 ஆகஸ்ட் 2025

மேனகா,

ஓ, உயிரோடுதான் இருக்கிறாயா. கோபத்தைப் பார்த்தால் உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது போல. சந்தோஷம்.

புள்ளி வைத்ததற்குக் காரணம் கேட்கிறாயா? நீ காணாமல் போனதும் நான் ஒருத்தியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பகலில் ஆபீஸ் வேலை, மற்ற நேரமெல்லாம் ‘பஸ் வந்தாச்சா’. அம்மி போன் பண்ணி “நிக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கட்டுமா, இல்ல அந்த பஸ்ஸையே கட்டிக்கிறியா”ன்னு கேட்கிறாள். உதவிக்கு ஆள் வேண்டும் என்று போர்டு மாட்டினேன், ஒருத்தரும் வரவில்லை. புள்ளி தருகிறேன் என்றேன். வந்து குவிந்துவிட்டார்கள்! காரிமங்கலத்தில் ஒரு வாத்தியார் ஒரே வாரத்தில் நாற்பது பஸ் சேர்த்தார். மதிப்புப் பட்டியலில் தன் பெயர் மேலே ஏறுவதைப் பார்க்க மனுஷன் பள்ளி இடைவேளையில் எல்லாம் போனை எடுக்கிறாராம்.

ஆமாம், கோளாறும் வந்தது. சவுரியப்பன் என்று ஓர் ஆசாமி, ஓசூர் பஸ் ஸ்டாண்டு பெயருக்குப் பக்கத்தில் ஒரு கமா வைத்தார், புள்ளி வாங்கினார். மறுநாள் அந்தக் கமாவை எடுத்தார், அதற்கும் புள்ளி வாங்கினார். இப்படியே பென்னாகரம் வரைக்கும் போய்விட்டார். அவரைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். உனக்கு மட்டும் மாற்றினால் நாற்பது பேர் என் மேல் பாய்வார்கள். வேலை செய், புள்ளி தானாக ஏறும்.

இருபத்திரண்டு மெசேஜ் அனுப்பினேன் மேனகா. நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. ஏன் என்று ஒரு வரி காரணம் சொல். அதுகூட வேண்டாமா?

அல்மாஸ்

*

மாரண்டஹள்ளி
21 ஆகஸ்ட் 2025

அல்மாஸ்,

உடனே எழுதத்தான் நினைத்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சல். நூறைத் தொடவில்லை, ஆனால் தொடுமோ தொடுமோ என்று நான் ஐந்து நாள் காத்திருந்தேன். அதற்குப் பிறகு பல் முளைத்தது. பல் முளைக்கத்தான் காய்ச்சலா, காய்ச்சலோடு பல்லும் முளைத்ததா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை.

நீ சொன்னபடி வேலை செய்து பார்த்தேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மழைநாள் தாமதக் கணக்கில் ஒரு திருத்தம் எழுதினேன். நான் காபி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் கீபோர்டைத் தட்டித் தன் பங்கையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். “உங்கள் மாற்றம் புரியவில்லை, சின்ன வேலையிலிருந்து தொடங்கலாமே!” என்று மறுபடி அந்தப் பூங்கொத்து.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முருகேஷ் ஓசூர் ஷிப்டுக்கு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “புள்ளிதானே, வாசல்ல வெச்சுக் கோலத்தப் போடு” என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டில் ஊறுகாய் வைக்கவில்லை.

என் மாமனார் மட்டும்தான் விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டார். கிருஷ்ணப்பன் என்றால் இங்கே தக்காளி மண்டியில் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருஷத் தரகு.

“இன்னாம்மா, மொகம் வாடிக் கெடக்குது?”

“புள்ளி கொறஞ்சிருச்சுங்க மாமா.”

“யாரு கொறச்சது?”

“அல்மாஸுங்க.”

“அந்தப் பொண்ணா? நம்மூட்டு ரிசப்ஷன்ல ரெண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்டுச்சே, அதுவா?” முகம் மாறிவிட்டது. பிறகு, “செரி, புள்ளி எப்படிம்மா ஏறும்?” என்றார்.

வேலை செய்தால் ஏறும், புது ஆளைக் கூட்டிவந்தால் ஏறும், ஆப்பில் நம் பெயருக்கு யாராவது ‘நன்றி’ அழுத்தினாலும் ஒன்று ஏறும் என்று சொன்னேன்.

“நன்றி சொன்னா ஏறுமா? ப்பூ, இதுக்கா அழுவுற? பாப்பா காது குத்துக்கு எத்தினி பேரு வராங்கன்னு நெனச்ச?”

காது குத்து ஆவணியில், செப்டம்பர் பதினாலு. ஊசியைச் சுடுதண்ணீரில் போடுவார்களா என்று ஆசாரியிடம் கேட்க வேண்டும். நீ வா.

மேனகா

*

பெங்களூரு
22 ஆகஸ்ட் 2025

மேனகா,

பத்திரிகை பார்த்தேன். ‘நம்ம பேட்ச்’ குரூப்பில், எழுபது பேரில் ஒருத்தியாக, ‘பார்வர்ட் செய்யப்பட்டது’ என்ற முத்திரையோடு வந்து சேர்ந்தது. பாப்பா பிறந்ததுகூட எனக்கு அந்தக் குரூப்பில்தான் தெரிந்தது. அதனால் என் வாழ்த்தையும் அங்கேயே போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

பதினாலாம் தேதி புது வெளியீடு இருக்கிறது. வர முடியாது. யாராவது ஒருத்தர் வேலை செய்ய வேண்டுமே.

நன்றி வாங்குவது விதிப்படி சரிதான். உன் மாமனாரிடம் சொல், அது மூன்று தரம் பாயசம்.

காரணம் இன்னும் வரவில்லை.

அல்மாஸ்

*

மாரண்டஹள்ளி
16 செப்டம்பர் 2025

அல்மாஸ்,

முந்நூற்று நாற்பத்தொன்று! பார்த்தாயா? மதிப்புப் பட்டியலில் நான் இரண்டாவது.

நடந்ததைச் சொல்கிறேன். மண்டபத்தில் மொய் எழுதுகிற மேஜை போட்டிருந்தது. மாமா அதற்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டு, மண்டியில் கணக்குப் பார்க்கிற ஆளை உட்கார வைத்துவிட்டார். முதல் மேஜையில் மொய் வைத்துவிட்டு வருகிறவர்களை அந்த ஆள் பிடித்து, அவர்கள் போனில் ‘பஸ் வந்தாச்சா’வை இறக்கி, மாமா கூட்டிவந்ததாகப் பதிந்து, என் பெயருக்கு ஒரு நன்றி அழுத்த வைத்துத்தான் பந்திக்கு விட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மொய் வாசிக்கிறவர் மைக்கில் இதையும் சேர்த்து வாசித்தார்: “பஞ்சப்பள்ளி மாது வகையறா, மூணு போனு, மூணு நன்றி! தாய்மாமன் வகையில தங்கத்தோடு ஒரு ஜோடி, நன்றி ஒண்ணு!” பட்டன் போன் வைத்திருந்த ஒரு பெரியவர் தன்னால் நன்றி வைக்க முடியவில்லையே என்று சாப்பிடாமல் போகப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்து வந்தோம்.

பாப்பா காது குத்தும்போது அழவேயில்லை. நான் அழுதேன். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சங்கடம். இத்தனை பேர் வைத்த மொய்யை எப்போது திருப்பப் போகிறோம்? மறந்துவிட்டால்? பெயர் விட்டுப்போனால்? அன்று சாயங்காலமே உட்கார்ந்து, ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் ஒரு நன்றியைத் திருப்பி அழுத்திவிட்டேன். நிம்மதியாக இருந்தது. காலையில் மாது மாமா வாசலில் வந்து நிற்கிறார்.

“இன்னா மேனகா, சோறு செரிக்கறதுக்குள்ள கணக்கத் தீத்துட்டியாமே? எங்க வூட்டு ஒறவு வேணாமா?”

மாமனாருக்கு முகமே இல்லை. “ஏம்மா, மொய்யி வெச்ச அன்னிக்கே திருப்புவாங்களா? அவங்க வூட்ல ஒரு நல்லது கெட்டது வரணும், நாம போவணும், ஒண்ணுக்கு ஒன்றயா வெக்கணும். இப்படி மூஞ்சில அடிச்சாப்பல திருப்பிட்டியே” என்றார். அவருக்கும் பாதிப்பேர் நன்றி வைத்திருந்தார்கள். அவர் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. வீடு வீடாகப் போய் என் சார்பில் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனாலும் உரிமை தப்பித்தது. அதுதான் எனக்கு வேண்டியது.

மேனகா

*

பெங்களூரு
17 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய பங்களிப்பாளர் திருமதி மேனகா முருகேஷ் அவர்களுக்கு,

தங்கள் கணக்கிற்கும் ஒரே ஊரில், ஒரே நாளில் தொடங்கப்பட்ட ஏராளமான புதிய கணக்குகளுக்கும் இடையே, சில மணி நேரத்துக்குள் நன்றி கொடுத்து நன்றி வாங்கும் பரிமாற்றம் நடந்திருப்பதை எமது மோசடி கண்டறியும் அமைப்பு கண்டுபிடித்துள்ளது. அந்தப் புள்ளிகள் ரத்து செய்யப்படுகின்றன. விசாரணை முடியும்வரை தங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.

ஒருங்கிணைப்பாளர்

மேலே இருப்பது தானாகப் போகிற மெயில், நான் எழுதியது இல்லை. அதாவது, முன்னால் எழுதி வைத்தது நான்தான். மேனகா, என்னடி பண்ணி வைத்திருக்கிறாய்? நாற்பது பேரும் பார்க்கிறார்கள். சவுரியப்பன் வேறு, “என் கமா தப்பு, காதுகுத்து சரியா?” என்று பொதுவில் எழுதியிருக்கிறார். நான் என்ன பதில் சொல்வேன்?

அ.

*

மாரண்டஹள்ளி
29 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர் செல்வி அல்மாஸ் அவர்களுக்கு,

தங்கள் மெயில் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும். மோசடிக்காரியாக இருப்பதோடு எனக்குப் பிள்ளை வளர்க்கிற வேலையும் இருக்கிறது.

தங்கள் அமைப்பு கண்டுபிடித்தது மோசடி அல்ல, மொய். தாங்களும் தருமபுரியில் பிறந்து வளர்ந்தவர்தானே? ஒருத்தர் வைப்பதும் மற்றவர் திருப்புவதும் இந்த ஊரில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் உண்டு. நான் செய்த ஒரே தப்பு அவசரப்பட்டுத் திருப்பியது. அதற்கு மாது மாமா இன்னும் என்னோடு பேசவில்லை. தாங்களும் தண்டிக்க வேண்டுமா?

என் மாமனார் எதையும் திருப்பவில்லை. அவர் கணக்கில் தங்கள் அமைப்புக்கு ஒரு குற்றமும் தெரியவில்லையாம். நான் எழுதிய நிரலில் என் மாமனார் ‘மூத்த பங்களிப்பாளர்’, நான் விசாரணைக் கைதி.

காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன். பாப்பா தூங்கினால் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். போன் அடித்தால் எடுக்கப் பயம். உங்கள் பெயரைத் திரையில் பார்த்தாலே, பதில் போடாத நாட்களெல்லாம் ஒன்றாக வந்து எதிரில் நிற்கும், அப்புறம் அன்றைக்கும் போட மாட்டேன். இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நாளை மறுநாள் ஒன்றாம் தேதி. உரிமை போகட்டும்.

இப்படிக்கு,
வளரும் பங்களிப்பாளர்
மேனகா

*

பெங்களூரு
1 அக்டோபர் 2025

மேனகா,

உன் கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும். எழுதுவேன். அதற்கு முன்னால் அவசரமாக உன் மாமனார் நம்பரைக் கொடு.

விதி இன்று காலை அமலுக்கு வந்தது. உன் உரிமை போயிற்று. பத்து நிமிஷம் கழித்து எனக்கு ஒரு மெயில். “வணக்கம் அல்மாஸ்! நீங்கள் ஒரு வளரும் பங்களிப்பாளர்!” பூங்கொத்தோடு.

சிரிக்காதே. மற்றவர்கள் வேலையைப் படித்துச் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பதற்குப் புள்ளி வைக்க நான் மறந்தே போய்விட்டேன். மாதக்கணக்காக நான் செய்தது அது ஒன்றுதான். சண்டை தீர்ப்பது, பதில் எழுதுவது, கமா பிடிப்பது எதற்கும் புள்ளி இல்லை. தேய்ந்து தேய்ந்து இருநூற்றுச் சொச்சத்தில் நிற்கிறேன். வாத்தியாருக்குப் பரீட்சை வேலை, அவரும் கீழே இறங்கிவிட்டார். சவுரியப்பனின் கமாக்களைப் போன வாரம்தான் நானே பிடுங்கினேன், அதோடு அவர் புள்ளியும் போயிற்று.

முந்நூறுக்கு மேலே இந்த மாவட்டத்திலேயே ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார். ஆள் சேர்த்ததற்கே அவருக்கு அறுநூறு.

பின்கதவு வழியாக மாற்றலாம் என்று பார்த்தேன். “யாரும் தன் மாற்றத்துக்குத் தானே ஒப்புதல் கொடுக்கக் கூடாது” என்ற பூட்டு கல்லூரியில் நீ எழுதியது. என்ன மாதிரி எழுதியிருக்கிறாய்டி! காலையிலிருந்து முட்டிப் பார்க்கிறேன், அசையவில்லை.

நம் இரண்டு பேருடைய உரிமையையும் திருப்பிக் கொடுக்கிற மாற்றத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அல்மாஸ்

*

மாரண்டஹள்ளி
2 அக்டோபர் 2025

அல்மாஸ்,

பார்த்தாயா, மறுநாளே எழுதுகிறேன். அவ்வளவு சிரித்தேன். பாப்பா பயந்துபோய் என்னையே பார்த்தாள்.

மாமாவுக்கு நேற்றே விஷயம் தெரியும். “ஒப்புதல் தரவும்” என்று போனில் வர வர, மண்டியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டிருக்கிறார். என்ன அழுத்தினார் என்று போனை வாங்கிப் பார்த்தேன். வத்தல்மலையிலிருந்து பெங்களூருக்கு இரவு ஏசி ஸ்லீப்பர் பஸ் விட்டிருக்கிறார். தொப்பூர் கணவாயில் எல்லா பஸ்ஸும் பரோட்டாவுக்கு இருபது நிமிஷம் நிற்கும். பஞ்சப்பள்ளி பஸ் மாது மாமா வீட்டு வாசலிலேயே நிற்கும். சவுரியப்பனின் கமாக்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

“மாமா, வத்தல்மலைக்கு அந்த மாதிரி பஸ்ஸே கெடயாதுங்க!”

“ஆசப்பட்டுக் கேக்கறாங்கம்மா. வாசல்ல வந்து கேக்கறவங்கள இல்லன்னு எப்படிச் சொல்றது?”

“அப்ப அல்மாஸ் கேட்டதயும் அழுத்துங்க மாமா.”

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை நாளில் அவர் மறுத்தது இது ஒன்றுதான்.

“அது ஊரான் மாதிரி போன்ல கேட்டா ஆச்சா? காது குத்துக்கு வரல, பாப்பாவ இன்னும் கண்ணால பாக்கல. வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுக் கேக்கச் சொல்லு, அழுத்தறேன்.”

நானும் கெஞ்சிப் பார்த்தேன். முருகேஷும் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை.

அதற்குள் தருமபுரியில் யாராவது அந்த ஸ்லீப்பர் பஸ்ஸுக்குப் போர்வையோடு போய் நின்றுவிடப் போகிறார்கள். வந்துவிடு.

மேனகா

*

பெங்களூரு
3 அக்டோபர் 2025

மேனகா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஓசூரில் எத்தனை மணிக்கு மாரண்டஹள்ளி பஸ் என்று முருகேஷ் அண்ணாவிடம் கேட்டுச் சொல். நம்முடைய ஆப்பில் பார்த்தேன். அந்த பஸ் இப்போது தொப்பூர் சுற்றிப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வரும் என்று காட்டுகிறது.

பாப்பாவுக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று தெரியவில்லை. பத்து மாதப் பிள்ளை எதை வாயில் போடலாம், எதைப் போடக்கூடாது? நீ பயப்படாத மாதிரி ஒரு பொருள் சொல்.

உன் 29ஆம் தேதிக் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். பதில் நேரில்.

அல்மாஸ்

*

மாரண்டஹள்ளி
9 அக்டோபர் 2025

அல்மாஸ்,

இந்த முறை நான்கு நாள்தான் தாமதம். முன்னேறுகிறேன்.

நீ போனதிலிருந்து பாப்பா வாசலைப் பார்த்து “அம்மா” என்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான், பெருமைப்படாதே. நீ எதுவும் கேட்காமல் என்னைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டு அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்த இரண்டு மணி நேரம் நான் தூங்கிய மாதிரி இந்த ஒரு வருஷத்தில் தூங்கவில்லை. எழுந்து வந்து பார்த்தால் நீ குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாய்! அதற்கப்புறம் உனக்கு நான் என்ன காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது?

மாமா இன்னும் சொல்கிறார், “நல்ல பொண்ணு, பாயசம் நாலு தரம்.” உரிமையைத் திருப்பிக் கொடுத்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. ஸ்லீப்பர் பஸ்ஸை எடுத்ததில்தான் வருத்தம்.

நேற்று நீ அனுப்பிய புது விதியைப் பார்த்தேன். விடுப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்குப் புள்ளி தேயாது. சரிபார்க்கிற வேலைக்கும் புள்ளி உண்டு. இரண்டும் நன்றாக இருக்கின்றன. என் உரிமை திரும்பி வந்ததும் நான் பார்க்கிற முதல் மாற்றம் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தத்தான் விரல் போனது.

ஆனால் நிராகரித்திருக்கிறேன். விடுப்பு எடுக்கிற பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு பெட்டி வைத்து, நிரப்பாமல் மேலே போக முடியாதபடி செய்திருக்கிறாய். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி எட்டு மாதம் உட்கார்ந்திருப்பாள். எடுத்துவிட்டு மறுபடி அனுப்பு.

மேனகா

*

பெங்களூரு
9 அக்டோபர் 2025

மேனகா,

எடுத்துவிட்டேன். மறுபடி அனுப்பியிருக்கிறேன், நிதானமாகவே பார்.

அல்மாஸ்